இடுப்பில் ஒரு கோடு

விராலிமலைக்கு வருகிறவர்கள் முதலில் மயில்களைப் பற்றி விசாரிப்பார்கள். பிறகு, "மலைமேல் முருகனுக்குச் சுருட்டு நிவேதனம் செய்கிறார்களாமே, வாஸ்தவந்தானா?" என்று கேட்பார்கள். வாஸ்தவந்தான். இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் பழகிவிட்டது. ஆனால், "இந்த ஊரில் வேலைக்குப் போகும் பெண்கள் கைக்குழந்தையை எங்கே விட்டுப் போகிறார்கள்?" என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. சில வருஷங்களுக்கு முன்பு வரையில் நானும் கேட்டதில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

எனக்கு நாற்பத்திரண்டாவது வயதில் ஒரு பெண் பிறந்தாள். மூத்தவன் பத்தாம் வகுப்பில் அல்ஜீப்ராவுடன் மல்லாடிக் கொண்டிருந்த சமயம். ஊரார் முகத்தில் விழிக்கவே கூச்சமாயிருந்தது; குழந்தையின் முகத்தில் விழித்த பிறகு அந்தக் கூச்சம் போன இடம் தெரியவில்லை. அரசுப் பள்ளிக்கூடத்து ஆசிரியையானபடியால் விடுமுறை விஷயத்தில் நான் பாக்கியசாலி. தமிழ்நாட்டில் அரசுப் பணியிலுள்ள பெண்களுக்குப் பேறுகால விடுப்பு 2021 ஜூலை முதல் 12 மாதமாக உயர்த்தப்பட்டது. ஆனால் 12 மாதமும் ஒருநாள் தீர்ந்துபோகும் அல்லவா? மாமியார் காலமாகிவிட்டார். என் தாயாருக்கோ முழங்கால் வலி. கணவருக்குத் திருச்சியில் உத்தியோகம். அங்கன்வாடியில் உட்கார வைக்கலாமென்றால் இரண்டு வயது நிறைய வேண்டும்.

கடைசியில், பஸ் நிலையத்துக்குச் சற்றுத் தள்ளியிருந்த ஒரு தனியார் குழந்தைகள் காப்பகத்தில் சேர்த்தேன். சுவர் முழுவதும் முயலும் யானையும் சித்திரிக்கப்பட்டிருந்தன. நடத்துகிற அம்மாள் மாதம் 2,500 ரூபாய் கேட்டார். நான் பேரம் பேசி 2,200-க்கு முடித்தேன். அந்தச் சாமர்த்தியத்தைக் கணவரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டது இன்றும் ஞாபகம் இருக்கிறது.

தினந்தோறும் நண்பகலில் கைத்தொலைபேசிக்கு ஒரு படம் வரும். என் பெண் பலூனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதை மற்ற ஆசிரியைகளுக்கெல்லாம் காட்டிவிட்டு, நிம்மதியாக அடுத்த வகுப்புக்குப் போய்விடுவேன்.

நாலாவது மாதத்தில் ஒருநாள் மாலை வெந்நீர் வார்க்கும்போது, அவள் இடுப்பில் சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. அரைஞாண் கயிறு இறுகிவிட்டது போலும் என்று எண்ணி, தளர்த்திக் கட்டினேன். நாலு நாள் கழித்துப் பார்த்தால், தளர்ந்த கயிறு கீழே இறங்கியிருந்தது; கோடு மட்டும் இரண்டு விரற்கடை மேலே, பழைய இடத்திலேயே, முன்னிலும் அழுத்தமாக இருந்தது. கயிறு ஓரிடம், தழும்பு ஓரிடம். கணக்கு வாத்தியாரம்மாவுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுமா?

அன்றிரவு தூக்கம் வரவில்லை. 2016 நவம்பரில், நவி மும்பையைச் சேர்ந்த கார்கரில் உள்ள ஒரு காப்பகத்தில், பத்து மாதக் குழந்தையை ஆயா அடித்து உதைத்தது காமிராவில் பதிவாகியிருந்தது. அதைத் தொலைக்காட்சியில் கண்டபோது, "அந்த ஊர் மனிதர்களுக்கு இப்படியும் கல்நெஞ்சா!" என்று சொல்லிவிட்டு எழுந்து போனவள் நான். அந்தக் காட்சி இத்தனை வருஷம் கழித்து என் தலைமாட்டில் வந்து நின்றது.

மறுநாள் தலைமையாசிரியரிடம் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் அங்கே போனேன். கதவு உள்ளே பூட்டியிருந்தது. திறக்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. 2004 ஜூலை 16-ந் தேதி கும்பகோணத்துப் பள்ளிக்கூடத் தீயில் 94 குழந்தைகள் மாண்ட செய்தியைக் கேட்ட நாள் முதல், பிள்ளைகள் இருக்கும் இடத்தில் பூட்டிய கதவைக் கண்டாலே எனக்கு நெஞ்சு படபடக்கும்.

உள்ளே ஒரே அறை. 11 குழந்தைகள். இரண்டு தூளிகள் ஆடிக்கொண்டிருந்தன. ஜன்னல் கம்பியிலிருந்து ஒரு பழஞ்சேலைக் கிழிசல் நீண்டு வந்தது. அதன் மறுமுனை என் பெண்ணின் இடுப்பில் கட்டியிருந்தது. அவள் அழவில்லை. அந்தத் துணி எட்டும் எல்லை எவ்வளவு என்று தெரிந்துகொண்டு, அதற்குள்ளேயே ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தை உருட்டி விளையாடிக் கொண்டிருந்தாள். அழுதிருந்தால்கூட என் வயிறு அப்படி எரிந்திராது.

அந்த ஆயாவிடம் நான் பேசிய பேச்சுக்களை இங்கே எழுதுவதற்கில்லை. வகுப்பில் எந்தப் பையனிடமும் நான் அப்படிப் பேசியதில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, இடுப்பில் ஒரு குழந்தையோடு நின்றபடியே அவள் சொன்னாள்:

"முருகன்மேல சத்தியமா ஒரு அடி வச்சதில்லீங்க, டீச்சரம்மா. பதினோரு புள்ளைக, நான் ஒருத்தி. ஒண்ணுக்குக் கால் கழுவப் போனா, இன்னொண்ணு அடுப்படிக்கு ஓடுது. பாப்பா நடக்க ஆரம்பிச்சதுலேருந்து கட்டித்தான் போடுறேன். என் புள்ளைக மூணையும் வயக்காட்டு வேப்பமரத்துல இப்படித்தான் கட்டிப்போட்டு வளத்தேன்."

அவளுக்குச் சம்பளம் மாதம் 6,000 ரூபாய் என்றும் அப்போதுதான் தெரிந்தது.

நடத்துகிற அம்மாள் வந்து சேர்ந்தார். முதலில் மன்னிப்புக் கேட்டார்; பிறகு நிதானமாக, "டீச்சர், இன்னொரு ஆள் போட வேண்டுமென்றால் ஒவ்வொருவரும் மாதம் 600 ரூபாய் கூடக் கொடுக்க வேண்டும். நீங்களே 300 ரூபாய் குறைத்துத்தானே சேர்த்தீர்கள்?" என்றார். 11 குழந்தைக்கு 600 வீதம் 6,600 ஆகிறதே, சம்பளம் 6,000தானே என்று அந்த ஆத்திரத்திலும் மனத்துக்குள் பெருக்கிப் பார்த்ததை மறைப்பானேன்? ஆனால் பதில் சொல்ல நா எழவில்லை.

குழந்தையை வீட்டுக்குத் தூக்கி வந்து, மாவட்ட அதிகாரிகளுக்கு இரண்டு பக்கத்தில் ஒரு மனு எழுதினேன். நல்ல காரசாரமான மனு. அதை அனுப்புவதற்குள், விஷயம் எப்படியோ பரவி, மாலையில் மூன்று தாய்மார்கள் வந்துவிட்டார்கள். என்னோடு சேர்ந்து கொதிக்க வந்திருக்கிறார்கள் என்று எண்ணினேன். "டீச்சர், மனுக் கொடுத்துடாதீங்க. அதை மூடிட்டா நாங்க புள்ளையை எங்கே விடுறது? உங்களுக்கு லீவு இருக்கு, எங்களுக்கு அன்னன்னிக்குச் சம்பளம் போயிடும்" என்றார்கள்.

ஊரைச் சுற்றித் தொழிற்சாலைகள் பெருகியிருக்கின்றனவே, அவற்றில் காப்பகம் இல்லையா என்று கேட்கலாம். 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே, 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கென ஓர் அறை வேண்டும் என்று விதித்தார்கள். 2017-ல் பேறுகாலச் சலுகைச் சட்டத்தைத் திருத்தி, 50 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் எந்த நிறுவனத்திலும் காப்பகம் வேண்டும், தாய் நாளொன்றுக்கு 4 தடவை போய்க் குழந்தையைப் பார்க்கலாம் என்றார்கள். மிக நல்ல சட்டந்தான். ஆனால் என்னைப் பார்க்க வந்த மூவரில் ஒருத்தி ஜவுளிக் கடையில் இருப்பவள்; ஒருத்தி மருந்துக் கடையில் இருப்பவள்; இன்னொருத்தி பன்னிரண்டு பேர் வேலை செய்யும் பட்டறையில் இருப்பவள். ஐம்பதை எட்டாத இடத்துக் குழந்தைகள் சட்டத்தின் கண்ணுக்குத் தென்படுவதில்லை.

சர்க்காருடைய கணக்கும் விசித்திரமானது. 2017-ல் வகுத்த தேசியக் குழந்தைகள் காப்பகத் திட்டத்தில், 25 குழந்தைகளுக்கு ஒரு பணியாளர், ஓர் உதவியாளர் என்று வைத்தார்கள். எங்கள் மலைமேல் இருக்கும் ஆறுமுகனைச் சரவணப் பொய்கையில் வளர்த்த கதை எல்லோருக்கும் தெரியும்: ஆறு குழந்தைகள், கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர். தெய்வக் குழந்தைக்கே ஆளுக்கு ஒருத்தி தேவைப்பட்டது. மனிதக் குழந்தை மட்டும் எதையும் தாங்கும் போலிருக்கிறது!

1969-ல் காந்தி நூற்றாண்டு விழாவுக்காக டில்லி ராஜ்காட்டில் கட்டட வேலை நடந்தபோது, மண்ணிலும் ஜல்லியிலும் கிடந்த சித்தாள் பெண்களின் குழந்தைகளை மீரா மகாதேவன் என்ற அம்மையார் கண்டார். அங்கேயே ஒரு கூடாரத்தைப் போட்டு அவர்களைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்தார். 'மொபைல் கிரஷ்' என்னும் ஸ்தாபனம் அப்படித்தான் பிறந்தது. காந்தி மகானின் பெயரால் நடந்த விழாவின் வாசலிலேயே அந்தக் குழந்தைகள் கிடந்தன. எத்தனையோ பேர் அவர்களைத் தாண்டிப் போயிருப்பார்கள். அன்றிரவு, எழுதி முடித்த மனுவை வைத்துக்கொண்டு அதைப் பற்றித்தான் யோசித்துக் கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுத் திண்ணையில் ஒன்பது தாய்மார்கள் கூடினார்கள். நடத்துகிற அம்மாளும் வந்தார். இரண்டு மணி நேரம் சண்டை, சமாதானம், காப்பி. இன்னொரு பெண்ணை வேலைக்கு வைப்பது. அடுப்படிக்குத் தச்சனைக் கொண்டு மரத் தடுப்பு போடுவது. சேலைக் கிழிசலை எரித்துவிடுவது. பூட்டை எடுத்துவிட்டுக் குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் வைப்பது. எந்தத் தாயும் எந்த நேரத்திலும் உள்ளே வரலாம். பலூன் படம் இனி வேண்டாம். இதற்காக ஆளுக்கு 550 ரூபாய் கூடுதல். அந்த ஐம்பதைக் குறைத்தவள் நான்தான். பேரம் பேசும் புத்தி அவ்வளவு சீக்கிரம் போய்விடுகிறதா?

மனுவைக் கிழித்துவிடவில்லை. அது என் மேஜை அறையில் இருக்கிறது. அந்த அம்மாளுக்கும் அது தெரியும்.

என் பெண்ணின் இடுப்புக் கோடு மூன்று வாரத்தில் மறைந்தது. மறுபடி விட்ட அன்று காலையில் அவள் என் கழுத்தை உதறிவிட்டு, அந்த ஆயாவை நோக்கித்தான் ஓடினாள். நான் ஒன்றும் பேசாமல் பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன்.

பட்டறையில் வேலை செய்தவள் மட்டும் மறு மாதம் குழந்தையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். 550 ரூபாய் அவளால் முடியவில்லை. பத்துப் பேராகிவிட்டபடியால், சம்பளம் கொடுக்க ஆளுக்கு மேலும் 50 போட வேண்டி வந்தது. அந்த அம்மாள் முதலில் கேட்ட 600 ரூபாயேதான். அவளுடைய பங்கை முன்னாலேயே நாங்கள் பத்துப் பேரும் ஏற்றிருந்தால் ஆளுக்கு 55 ரூபாய் ஆகியிருக்கும். கணக்குச் சொல்லிக் கொடுக்கிற எனக்கு இது அவள் போன பிறகுதான் தோன்றியது.

சில வாரம் கழித்து அவளைப் பஸ்ஸில் பார்த்தேன். குழந்தை எங்கே என்று கேட்டேன்.

"ஊர்ல எங்க அம்மாகிட்ட விட்டிருக்கேன், டீச்சர். ஞாயித்துக்கிழமை போய்ப் பாத்துட்டு வரேன்."

"நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்களா?"

"அதெல்லாம் பாத்துக்கிறாங்க. ஆட்டை ஓட்டிக்கிட்டுப் போறப்ப மட்டும் கட்டில் கால்ல கட்டிட்டுப் போறாங்களாம்" என்றாள்.

அவள் இறங்க வேண்டிய இடம் வந்தது, இறங்கிப் போய்விட்டாள்.