கைக்கு ஏற்ற துடுப்பு

தமிழகத்தார் மட்டை எனக் குறிப்பிடும் கருவியை ஈழத்துத் தமிழர் துடுப்பு என்றே வழங்குவர். வள்ளத்தைச் செலுத்துவதும் துடுப்பு. பந்தை அடிப்பதும் துடுப்பு. கடலை நம்பி வாழும் திருகோணமலையில் இவ்விரு துடுப்புகளும் ஒரே வீட்டுச் சுவரில் அருகருகே சாய்ந்திருத்தல் வியப்பன்று.

உட்துறைமுகத்தை அண்டி வாழும் கடற்றொழிலாளி ஒருவர், பாடசாலை அணியில் இடம்பெற்ற தம் பன்னிரண்டு வயது மகனுடன் விளையாட்டுப் பொருட்கடை ஒன்றுக்கு வந்தார். அதுவரை தென்னை மட்டையைச் செதுக்கி ஆடியவன் அச்சிறுவன். தந்தையின் மடியிற் பல நாள் உழைப்பின் மீதம் இருந்தது.

"வளருற பிள்ளை, பெரிசாத் தாங்கோ" என்றார் அவர்.

இது வறுமை கற்பித்த கணக்கு, நகைத்தற்குரியதன்று. சட்டையும் சப்பாத்தும் இக்கணக்கின்படியே வாங்கப்படுகின்றன. ஆயினும், பெரிய சப்பாத்தின் முனையிற் பஞ்சு அடைக்கலாம்; கனத்த துடுப்புக்கு அத்தகைய பரிகாரம் இல்லை. அதனைத் தூக்கச் சிறுவன் பிந்துவான். அடிக்கை இறுகப் பற்றி இழுக்க, நேராகச் செல்லவேண்டிய அடி குறுக்காகத் திரும்பும். உடல் வளர்ந்த பின்னரும் அப்பழக்கம் எளிதில் நீங்குவதில்லை.

துடுப்பாட்ட விதிகள் துடுப்பின் நீளம் 96.5 சென்ரிமீற்றரையும் அகலம் 10.8 சென்ரிமீற்றரையும் விஞ்சலாகாது என வரையறுத்துள்ளன. 1979 இல் பேர்த் மைதானத்தில் டெனிஸ் லில்லி அலுமினியத் துடுப்புடன் ஆட வந்ததன் பின், 1980 ஆம் ஆண்டு விதி, அலகு மரத்தாலேயே ஆகவேண்டும் என்றது. ஆனால் எடைக்கு எந்த எல்லையும் விதிக்கப்படவில்லை. அதனைத் தீர்மானிக்கும் பொறுப்பு ஆடுபவனின் கையிடமே விடப்பட்டுள்ளது.

கடைக்காரர் முழு அளவுத் துடுப்பொன்றைச் சிறுவனிடம் கொடுத்து, மேற்கையாகிய இடக்கையால் மட்டும் பிடித்து முன்னே நீட்டச் சொன்னார். சில கணங்களில் மணிக்கட்டு நடுங்கியது. பின்னர் ஐந்தாம் இலக்கத் துடுப்பைக் கொடுத்தார், கை அசையவில்லை. தந்தையின் முகத்தில் மட்டும் தயக்கம் தெரிந்தது.

"அண்ணை, உங்கட துடுப்பத் தம்பியிட்டக் குடுத்து வள்ளம் வலிக்கச் சொல்லுவீங்களோ?"

"சொல்ல மாட்டன். கை விட்டுப்போகும்."

சொல்லி முடித்ததும் அவர் மௌனமானார். கடலில் ஐயத்துக்கு இடமின்றி அறிந்திருந்த ஒன்றைக் கடையில் மறந்தமை அவருக்கே புலனாயிற்று.

இங்கிலாந்து வில்லோ மரத் துடுப்பு மென்மையும் துள்ளலும் மிக்கது, விலையும் மிக்கது. காஷ்மீர் வில்லோ சற்றுக் கனமும் கடினமும் உடையதெனினும், ஆட்டம் பயிலும் சிறுவனுக்குப் போதுமானது. அவ்வகையில் ஐந்தாம் இலக்கத் துடுப்பையே அவர் வாங்கினார். மிஞ்சிய பணத்துக்கு ஆளிவிதை எண்ணெயும் வாங்கிக்கொண்டார். அதனை அலகிலே மெல்லப் பூசி, பழைய பந்தால் நாட்கணக்கிற் சிறுகத் தட்டிப் பதப்படுத்திய பின்னரே கடினப்பந்தை எதிர்கொள்ள வேண்டும் என்று கடைக்காரர் விளக்கினார்.

இரண்டொரு ஆண்டுகளில் மீண்டும் ஒரு துடுப்பு வாங்க நேரும் என்பதை அத்தந்தை அறியாதவரல்லர். அந்தச் செலவை இன்று ஏற்றுக்கொண்டதே அவர் செய்த தெரிவு. மகனின் நாளைய உயரத்தில் அவருக்கிருந்த நம்பிக்கை குறைந்துவிடவில்லை. அந்த உயரத்தை எட்டும்வரை அவன் ஆடவேண்டியது இன்றைய கையால் என்பதை மட்டுமே அவர் உணர்ந்துகொண்டார்.

வீடு திரும்பியதும் புதிய துடுப்பை முதலில் எடுத்துப் பார்த்தவள் தங்கை. அவளுக்கு அது இன்னும் பெரிது.