இருந்து இருந்து போகிற வழி

தொண்டைமானாற்றுக்கு எங்கள் பாடசாலைப் பிள்ளைகளை முதல்முறை கூட்டிக்கொண்டு போனபோது நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஏழாந் தரத்தில் ஒரு பையன் படித்தான். பிறவியிலேயே இரண்டு கால்களுக்கும் பலமில்லை. அக்குளில் ஊன்றுகோல்களை வைத்துக்கொண்டு நடப்பான். கொஞ்ச தூரம் போனால் மூச்சு வாங்கும், உள்ளங்கை சிவந்துவிடும். சந்நிதி கோயிலடியில் வானை விட்டு இறங்கி, பிள்ளைகளை இரண்டு வரிசையாக நிற்க வைத்தேன். அப்போது அவன் பக்கத்தில் வந்தான். தன்னையும் கூட்டிக்கொண்டு போகும்படி அவன் கேட்கவில்லை.

"சேர், நான் எவடம் மட்டும் வரலாம்?" என்றுதான் கேட்டான்.

"நீர் வானுக்குள்ள இரும். பிள்ளையளின்ர பாக்குகளைப் பாத்துக்கொள்ளும்" என்றேன்.

அதை ஒரு பொறுப்பைக் கொடுப்பது போலத்தான் சொன்னேன். இரண்டு மணி நேரம் கழித்து நாங்கள் திரும்பி வந்தபோது, எல்லாப் பைகளையும் தரம் தரமாகப் பிரித்து வரிசையாக அடுக்கி வைத்திருந்தான். "ஒண்டும் குறையேல்லை சேர்" என்றான். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் விசேட தேவையுடைய பிள்ளைகளைப் பற்றி விரிவுரை கேட்டவன் நான். குறிப்பெழுதி, பரீட்சையில் நல்ல புள்ளியும் வாங்கினேன். அந்தக் குறிப்புக் கொப்பி இப்போதும் அலுமாரியில் இருக்கிறது.

தொண்டைமானாற்றைத் தெரியாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. வடமராட்சியின் மேற்கு ஓரத்தில், வல்வெட்டித்துறைக்குப் பக்கத்தில், நீண்ட கடல்நீரேரி ஒன்று வடகடலோடு கலக்கும் இடம் இது. குலோத்துங்க சோழனின் தளபதியும் கலிங்கத்துப்பரணியின் நாயகனுமான கருணாகரத் தொண்டைமான், உப்புக் கொண்டுபோவதற்காக வெட்டித் திருத்திய கால்வாய் என்பது யாழ்ப்பாண மரபு. இப்போது வாயிலே பாலமும் தடுப்பணையும் இருக்கின்றன. கடல்நீர் உள்ளே ஏறாமல் தடுத்து, மாரி வெள்ளத்தால் ஏரியின் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவி நன்னீராக்கிவிடலாம் என்பது திட்டம். பொறியியலாளர் ஆறுமுகம் 1954இல் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்ற கனவில் இந்த அணைக்கும் பங்குண்டு.

ஆனால் தமிழில் உயர்தரம் படித்த எவருக்கும் இந்த ஊரின் பெயர் வேறொரு வகையில் பழக்கம். தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் மாதிரி வினாத்தாளைச் செய்யாமல் பரீட்சைக்குப் போனவர்கள் நம்மில் குறைவு. வெளிக்களம் என்ற சொல்லை நாம் யோசிப்பதேயில்லை. பிள்ளைகள் கரையிலும் சேற்றிலும் நடந்து பார்த்துப் படிக்க வேண்டும் என்பதே அந்தப் பெயருக்குள் இருக்கும் எண்ணம். இன்று வினாத்தாள்தான் எங்கள் வீட்டுக்கு வருகிறது. நாங்கள் களத்துக்குப் போவதில்லை.

அந்தப் பயணத்துக்குப் பிறகு, ஓய்வுபெற்ற ஒரு தபாற்காரரைத் தேடிப் போனேன். தொண்டைமானாற்றுப் பக்கத்து ஒழுங்கைகள் அவருக்கு மனப்பாடம். மிதிவெடியில் ஒரு காலை இழந்து, யாழ்ப்பாணத்தில் செய்து கொடுத்த ஜெய்ப்பூர் காலோடு மிச்சச் சேவைக்காலத்தைக் கந்தோருக்குள் இருந்து முடித்தவர். கோயிலடியில் தொடங்கிப் பாலத்துக்குப் போய், வேறு வழியால் கோயிலடிக்கே திரும்பி வரக்கூடிய ஒரு சுற்று வேண்டும், அதில் அந்தப் பையனும் வர வேண்டும் என்றேன்.

"எவ்வளவு தூரம் வரும் அண்ணை?"

"தூரத்தைக் கேக்காதேங்கோ மாஸ்டர். இருக்கிற இடத்தைக் கேளுங்கோ."

ஒரு சனிக்கிழமை காலை அவரோடு நடந்தேன். நான் பார்த்த வழியை அவர் பார்க்கவில்லை. தார் வீதி நல்லது என்று நான் நினைத்திருந்தேன். வீதியின் விளிம்பு ஒரு பக்கம் சரிந்திருப்பதை அவர் காட்டினார். சரிவில் நடந்தால் ஒரு ஊன்றுகோல் நீளமாகவும் மற்றது கட்டையாகவும் போய்விடுமாம். கோயில் வீதியின் வெண்மணல் எனக்கு அழகு. அவருக்கு அது இரண்டு மடங்கு தூரம். ஓர் ஒழுங்கையின் முடிவில் வாய்க்காலுக்குக் குறுக்கே ஒற்றைப் பனங்குற்றி போட்டிருந்தது. நான் இரண்டு எட்டில் தாண்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அவர் அக்கரையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

இருக்கக்கூடிய இடங்களை எண்ணிக்கொண்டு வந்தோம். ஒரு மடத்துத் திண்ணை, ஒரு வேப்பமர வேர், பூட்டிய கடையொன்றின் படி, பாலத்தடியில் ஒரு கட்டு. இரண்டு இடங்களுக்கிடையில் எத்தனை அடி என்று நான் கொப்பியில் எழுதினேன். அப்போதுதான் எங்கள் முன்னோர் இதையெல்லாம் யோசித்திருக்கிறார்கள் என்று பட்டது. யாழ்ப்பாணத்து வீதிகளில் தலைச்சுமையோடு வருகிறவர் பிறர் உதவியின்றி இறக்கி வைக்கச் சுமைதாங்கி இருந்தது. பக்கத்தில் கேணி இருந்தது. வீட்டு வாசலில், வழிப்போக்கரும் ஒதுங்கக் கூரை போட்ட சங்கடப்படலை இருந்தது. பருத்தித்துறைத் தெருமூடி மடம் வீதியையே கூரைக்குள் எடுத்து, இரு பக்கமும் திண்ணை விட்டு நிற்கிறது. களைத்தவன் வருவான் என்று எதிர்பார்த்துக் கட்டிய வீதிகள் அவை. சைக்கிளும் பிறகு மோட்டார் சைக்கிளும் வந்தபின் களைத்தவனை மறந்துவிட்டோம். சுமைதாங்கிகள் பல இடங்களில் வீதி அகலிப்பில் போய்விட்டன.

சந்நிதி நடைக்குப் பேர்போன இடம். இங்கிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை புறப்படுகிறது. முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் என்று கிழக்குக் கரை நெடுக, நமது ஊர்களையும் தொட்டுக்கொண்டு, குமணக் காட்டுக்குள்ளால் போவார்கள். கதிர்காமத்தில் நமக்கும் ஒரு பள்ளிவாசல் உண்டு என்பது வாசகர்களுக்குத் தெரியும். அந்த நடையை நான் மதிக்கிறேன். என்றாலும் அது பலமுள்ளவர்களின் நடை. அதோடு, திரும்பி வருவது பெரும்பாலும் பஸ்ஸில்தான். நான் தேடியது சிறிய நடை, தொடங்கிய இடத்துக்கே காலால் திரும்புகிற நடை.

பெருநாள் தொழுகைக்கு ஒரு வழியால் போய் மறு வழியால் திரும்புவது நபி (ஸல்) அவர்களின் வழக்கம். சிறுவயதில் யாழ்ப்பாணம் சோனகத்தெருவில் வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அப்படித்தான் போய் வருவோம். ஏன் என்று கேட்டால், "ரெண்டு தெருவாருக்கும் ஸலாம் சொல்லலாம்தானே" என்பார். உலமாக்கள் சொல்லும் காரணங்களில் அதுவும் ஒன்று என்று பிறகு அறிந்தேன். உம்மு ஸலமா (ரலி) அவர்கள் ஹஜ்ஜில் தமக்குச் சுகமில்லை என்றபோது, மக்களுக்குப் பின்னால் வாகனத்தில் இருந்தபடியே தவாஃப் செய்ய நபியவர்கள் அனுமதித்ததை புஹாரியில் காண்கிறோம். சுற்று அவருக்காகக் குறைக்கப்படவில்லை. அதைச் சுற்றும் விதம்தான் மாறியது. நான் அந்தப் பையனை வானுக்குள் இருத்திவிட்டுப் போன மனிதன். இந்த ஹதீஸை எத்தனை தடவை குத்பாவில் கேட்டிருப்பேன்!

உம்மும்மாவை நினைத்தேன். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, ஒஸ்மானியாக் கல்லூரியின் ஜின்னா மைதானத்துக்கு எங்களை அழைத்து, இரண்டு மணி நேரத்தில் ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது எனக்குப் பத்து வயது. உம்மும்மாவுக்கு முழங்கால் வருத்தம். வாகனம் கிடைத்த தூரம் வாகனத்தில், கிடைக்காத தூரம் வாப்பா அவரைச் சைக்கிள் கரியரில் இருத்தித் தள்ளிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு மரத்தடியிலும் உம்மும்மா கேட்டது ஒன்றுதான்: "கொஞ்சம் இருந்திட்டுப் போவமா மகன்?" நேரமில்லை என்று வாப்பா சொல்லிக்கொண்டே தள்ளினார். உம்மும்மா புத்தளத்தில் மௌத்தாகி அங்கேயே அடக்கமானார். போன வழியால் அவர் திரும்பவில்லை, வேறு வழியாலும் திரும்பவில்லை. யுத்தம் முடிந்து பல வருடங்களுக்குப் பிறகு நான் திரும்பினேன். என்னோடு வர வேண்டியவர்களில் பாதிப்பேர் இல்லை.

இங்கிலாந்தில் இருக்கும் மச்சான் ஒருவர், லேக் டிஸ்றிக்ற் தேசியப் பூங்காவைப் பற்றிச் சொன்னார். அங்கே 'மைல்ஸ் விதவுட் ஸ்ரைல்ஸ்' என்று ஏறத்தாழ 50 நடைவழிகள் வைத்திருக்கிறார்களாம். ஸ்ரைல் என்பது நம்முடைய கடப்புத்தான், வேலியை ஏறிக் கடக்கும் படி. அது இல்லாத வழிகளை எல்லோருக்கும், பலருக்கும், சிலருக்கும் என்று மூன்று வகையாக்கி அறிவித்திருக்கிறார்கள். இந்தப் பிரிவு எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அது வழியைத் தரம் பிரிக்கிறது, மனிதரை அல்ல. நம் நாட்டிலும் சட்டம் இல்லாமலில்லை. வலது குறைந்தோர் உரிமைகளுக்கான 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பொதுக் கட்டடங்களுக்கும் பொது இடங்களுக்கும் அணுகும் வசதி வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. ஐ.நா. சமவாயத்தை 2016இல் ஏற்றோம். வங்கிகளின் வாசலில் சாய்தளத்தைக் காண்கிறோம். ஒற்றைப் பனங்குற்றிக்கு இன்னும் ஒருவரும் வரவில்லை.

அந்தக் குற்றியடியில் நாங்களே போனோம். பாதையில் கிடக்கும் இடைஞ்சலை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று நான் தபாற்கார அண்ணைக்குச் சொன்னேன். "அப்ப நீங்கள் ஒரு பக்கம் பிடியுங்கோ" என்றார். பக்கத்து வளவுக்காரர் வெளியே வந்து விசாரித்தார். விஷயத்தைக் கேட்டதும், வீடு கட்டி மிஞ்சிய இரண்டு கொங்கிறீற் பலகைகளைத் தந்தார். வாய்க்காலுக்கு மேலே அவற்றை நெருக்கிப் போட்டு, இடைவெளிக்கு மண் நிரப்பினோம். ஒரு முன்பகல் போயிற்று. லுஹருக்கு நேரமானபோது அண்ணைதான் ஞாபகப்படுத்தினார். அந்த வளவுக்காரர் கிணற்றில் தண்ணீர் அள்ளி ஊற்ற வுழூச் செய்து, மாமர நிழலில் தொழுதேன். மணல்தான் எங்களால் முடியவில்லை. ஒழுங்கை முடிந்து கோயில் வீதி தொடங்கும் இடத்தில் நாற்பது அடி போல மணல். அது இப்போதும் அப்படியே இருக்கிறது.

மாசி மாதம் மறுபடி பிள்ளைகளைக் கூட்டிப் போனேன். இம்முறை வகுப்பை இரண்டாகப் பிரித்தேன். ஒரு பகுதி வீதியால் பாலத்துக்கு, மறு பகுதி ஒழுங்கையால். பாலத்தில் சந்தித்து, ஒருவர் வந்த வழியால் மற்றவர் திரும்புவது. ஊன்றுகோல் பையன் வீதிப் பகுதியில் வந்தான். ஒவ்வொரு திண்ணையிலும் எல்லோரும் இருக்க வேண்டும், இருந்த இடத்தில் கண்ட ஐந்து விஷயங்களை எழுத வேண்டும் என்பது கட்டளை. ஓடுகிற பிள்ளைகளுக்கு முதலில் எரிச்சல். பிறகு பார்த்தால், போன தடவை இரண்டு மணி நேரத்தில் அவர்கள் எழுதி வந்ததைவிட இது மூன்று மடங்கு. தடுப்பணையின் இரு பக்கத்துத் தண்ணீரும் ஒரே மட்டத்தில் இல்லை என்பதைக் கண்டு எழுதியவன் அவன்தான். மற்றவர்கள் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மணலடியில் களைத்துவிட்டான். இரண்டு பெரிய பையன்கள் கைகளைக் கோத்து இருக்கை போலப் பிடித்தார்கள். அவன் மறுத்துவிட்டான். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த நாற்பது அடிக்குக் கால் மணி நேரம் எடுத்தது. வானடிக்கு வந்து படியில் குந்திக்கொண்டு உள்ளங்கைகளைத் தேய்த்தான்.

அந்தச் சுற்றைவிடப் பெரிய சுற்று ஒன்று இருக்கிறது. பாலத்தைக் கடந்து அச்சுவேலிப் பக்கமாகப் போய், வல்லைப் பாலத்தால் ஏரியைத் திரும்பக் கடந்து, வல்லை வீதியால் தொண்டைமானாற்றுக்கு வருவது. வல்லை வெளி நிழலில்லாத உவர்த் தரை. காற்று ஆளைத் தள்ளும். முனியப்பர் கோயிலடியை விட்டால் ஒதுங்க இடமில்லை. அதை வகுப்பில் படம் கீறிக் காட்டியிருந்தேன்.

"சேர்" என்றான், கையைத் தேய்த்தபடியே. "வல்லையால சுத்தி வர எத்தினை இடத்தில இருக்கலாம்?"

அதை நான் இன்னும் எண்ணவில்லை என்றேன். வருகிற சனிக்கிழமை அண்ணையோடு போவதாக இருக்கிறோம். இம்முறை அவனும் வருகிறான், கொப்பி அவன் கையில்.