சாராகடியின் 21 பெயர்கள்

பஞ்சாபின் பெரோஸ்பூரில், ராணுவக் குடியிருப்புப் பகுதியில், 1904இல் திறக்கப்பட்ட குருத்வாரா ஒன்று இருக்கிறது. அதன் சுவரில் 21 சீக்கிய வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. முதல் பெயர் ஹவில்தார் ஈஷர் சிங். அவர்கள் மடிந்த இடம் இன்று பாகிஸ்தானின் கைபர் பக்தூன்க்வா மாகாணத்தில், சமானா மலைத்தொடரில் இருக்கிறது. அங்கிருந்த சாராகடிக் காவல் அரண் என்றோ இடிந்துபோனது. நினைவுச் சின்னம்தான் மிச்சம்.

அதைப் பெரிய கோட்டை என்று எண்ணிவிட வேண்டாம். லாக்கார்ட், குலிஸ்தான் என்ற இரு கோட்டைகளும் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி மலை மறைத்தது. நடுவே பாறை முகட்டில் கட்டிய சிறு அரண்தான் சாராகடி. கண்ணாடியில் சூரிய ஒளியைத் தெறிக்கவைத்துச் செய்தி அனுப்பும் ஹீலியோகிராஃப் கருவி அங்கே இருந்தது.

1897 செப்டம்பர் 12 காலை, ஓரக்சாய், அப்ரிடி பழங்குடிப் படையினர் ஆயிரக்கணக்கில் அரணைச் சூழ்ந்தார்கள். பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் 36ஆம் சீக்கியப் படைப்பிரிவைச் சேர்ந்த 21 பேர் எதிர்த்து நின்றார்கள். உள்ளிருந்து பார்வைக்கு எட்டாத ஒரு மூலையில் எதிரிகள் சுவரின் அடியைத் தோண்டினார்கள். குலிஸ்தானில் இருந்தவர்கள் அதைக் கண்டு சைகை காட்டினார்கள். சண்டையில் மூழ்கியிருந்தவர்களுக்கு அது எட்டவில்லை. சுவர் சரிந்தது.

தாக்குதல் தொடங்கியதிலிருந்து நடப்பதையெல்லாம் லாக்கார்ட் கோட்டைக்கு ஒளிச் செய்தியாக அனுப்பிக்கொண்டே இருந்தவர் சிப்பாய் குர்முக் சிங். மூவர் பங்கிட்டுச் செய்ய வேண்டிய வேலையை அவர் ஒருவரே பார்த்தார். கடைசியில், கருவியை மூட்டைகட்டிவிட்டுத் துப்பாக்கியை எடுத்துக்கொள்ளலாமா என்று அனுமதி கேட்டார். கிடைத்தது. பிற்பகலில் அரண் வீழ்ந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை.

பிழைத்தவர் இல்லாத போரில் வீரத்துக்கு யார் சாட்சி? குர்முக் சிங் அனுப்பிய செய்திகளும், இரு கோட்டைகளிலிருந்தும் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் கண்களும்தான். அந்தச் சாட்சியத்தை ஏற்று 21 பேருக்கும் 'இந்தியன் ஆர்டர் ஆஃப் மெரிட்' பதக்கம் வழங்கப்பட்டது. அன்று இந்தியச் சிப்பாய் பெறக்கூடிய உச்ச வீர விருது அது. பிரிட்டனின் உச்ச வீர விருதான விக்டோரியா சிலுவை இந்தியர்களுக்குத் திறந்துவிடப்பட்டது 1911இல்தான். ஹவில்தார், சிப்பாய் என்று தரம் பிரிக்காமல் அனைவருக்கும் ஒரே விருதைக் கொடுத்தது சரியான முடிவு. அந்த அரணுக்குள் யாருடைய துணிவு பெரியது என்று எடைபோட எவருக்கும் தகுதி கிடையாது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் 500 ரூபாயும் 50 ஏக்கர் நிலமும் தரப்பட்டன.

ஆனால் அரணில் வேலைக்கிருந்த பணியாள் ஒருவரும் அன்று இறந்தார். படைவீரர் கணக்கில் வராததால் அவருக்குப் பதக்கம் இல்லை. அது அந்தக் காலத்து விதியின் குறை. பெரோஸ்பூர் போகிறவர்கள் அந்தக் குருத்வாராவுக்கும் போய்வாருங்கள். 21 பெயர்களையும் நிதானமாக வாசியுங்கள். பதக்கம் எட்டாத அந்த ஒருவரையும் அவர்களோடு சேர்த்தே வணங்குங்கள்.