தரைக்குக் கீழே ஒரு வழி

இங்கிலாந்தின் தெற்கே சசெக்ஸ் மேட்டுநிலத்தில் அப்பார்க் என்றொரு மாளிகை. 1690 வாக்கில் கட்டியது. ஒரு கூட்டத்துக்காக லண்டன் போயிருந்தபோது நண்பர் கூட்டிப்போனார். செங்கல் சுவர், ஓரங்களில் வெளிர்க் கல், வரிசை பிசகாத ஜன்னல்கள், எதிரே புல்வெளி. அழகுதான், இல்லேன்னு சொல்லமாட்டேன். ஆனா அந்தப் புல்வெளியில் ஒரு வேலைக்காரர் தலைகூடத் தெரியாதபடிக்குத்தான் அந்த அழகையே கட்டியிருக்காங்க.

சமையற்கட்டு தனிக் கட்டடம். குதிரை லாயம் இன்னொன்று. வீட்டுக்கும் அவற்றுக்கும் நடுவே வெட்டவெளி. அதைக் கடக்கத் தரைக்குக் கீழே சுரங்கம். பண்டமும் பாத்திரமும் தூக்கிவரும் ஆளும் அதுக்குள்ளேயே வரணும், போகணும். நானும் நடந்து பார்த்தேன். 'தெருப்பக்கம் வராதே, கொல்லைப்பக்கமா வா' என்று கேட்டு வளர்ந்த கால்கள் இவை. அந்த இருட்டு எனக்குப் புதுசில்லை.

என்னைக் குடைந்தது வேறு. மாளிகைக்காரர் சர் ஹாரி ஃபெதர்ஸ்டன்ஹா 1825இல், எழுபது வயசுக்கு மேல், தன் பால்பண்ணையில் வேலைசெய்த மேரி ஆன் புல்லாக்கைக் கல்யாணம் கட்டிக்கொண்டார். 1846இல் அவர் செத்ததும் மாளிகை அவளுக்கு. அவளுக்குப் பிறகு தங்கை பிரான்சிஸுக்கு. சாதி இல்லாத ஊர், அதனால முடிஞ்சதுன்னார் நண்பர். இருக்கலாம். நம்ம பக்கம் இப்படி ஒரு கல்யாணத்துக்கு எத்தனை உயிர் போகும்?

சரி, கீழேயிருந்து மேலே வந்தவர்கள் சுரங்கத்தை மூடினார்களா? இல்லை. அந்தத் தங்கை எஜமானியாக இருந்த காலத்தில், 1880 முதல் 1893 வரை, கீழ்த்தளத்தில் வேலையாட்களை மேய்த்தவர் சாரா வெல்ஸ். எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸின் அம்மா. அந்தப் பையன் வாங்கிய சூடு 1909இல் 'டோனோ பங்கே' நாவலில் ஒரு மாளிகையாக வந்து நிற்கிறது. எஜமானி எங்கிருந்து வந்தாலும் சுரங்கம் சுரங்கமாகவே இருந்திருக்கிறது. ஊருக்குத் திரும்பியும் இதை நம்ம தோழர்கள் சிலரை நினைக்காமல் யோசிக்க முடியவில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

1989 ஆகஸ்டில் கூரை வேலை நடக்கும்போது தீப்பிடித்து மேல்மாடி எரிந்து விழுந்தது. தீக்கு முந்தின நாள் எப்படி இருந்ததோ அப்படியே திருப்பிக் கட்டி, 1995இல் திறந்தார்கள்.

வாசல் படியில் நிற்கச் சொன்னார் நண்பர், போட்டோ எடுக்க. கீழே சுரங்கத்தில் எடுங்கன்னேன். வெளிச்சம் போதாது, முகம் விழாதுன்னார்.