காலமும் பருவமும்

'டைம் அண்ட் டைட்' எனத் தொடங்கும் ஆங்கில முதுமொழியைக் 'காலமும் கடலலையும் எவருக்காகவும் காத்திரா' எனத் தமிழிற் பெயர்ப்பர் பலர். கேட்பதற்கு இது பொருத்தமாகவே தோன்றும். ஆயினும் சொல்லின் வரலாறு வேறு. பழைய ஆங்கிலத்திலே 'டைட்' என்பதற்கு வேளை, பருவம் என்பனவே பொருள். நத்தார்ப் பருவத்தை 'யூல்டைட்' என வழங்குவதில் அப்பொருள் இன்றும் எஞ்சியுள்ளது. கடலின் வற்றுப்பெருக்கை அச்சொல் குறிக்கத் தொடங்கியது பிற்காலத்திலேயாம்.

வாகரைக் கடற்கரையை அறிந்தவர்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். அங்கு வற்றுப்பெருக்கின் அளவு ஒரு மீற்றருக்கும் குறைவு. தோணி தள்ளுபவன் அதனைப் பார்த்துக் காத்திருப்பதில்லை. அவன் காத்திருப்பது பருவத்துக்கே. வடகீழ்ப் பருவக்காற்று எழுந்தாற் கடல் கொந்தளிக்கும், கரைவலை ஓயும், பனிச்சங்கேணிக் களப்பே தஞ்சமாகும். பங்குனியளவிற் கடல் அடங்கியபின் வரும் சில மாதங்களே ஆண்டு முழுமைக்கும் சோறிடுவன.

2004 டிசெம்பர் 26 இல் ஆழிப்பேரலை தோணிகளையும் வலைகளையும் வாரிச் சென்றது. 2006 இன் பிற்பகுதியிலே போர் ஊரையே பெயர்த்தது. முகாமில் இருப்பவனுக்கும் பங்குனி வரும்; கடலும் அடங்கும்; ஆனால் அவன் கையில் வலை இராது. வற்றிய கடல் அன்றைக்கே மீளப் பெருகும். தப்பிய பருவமோ ஓராண்டு கழிந்தே திரும்பும். அவ்வோராண்டுப் பசிக்கு ஈடு செய்வார் எவருமிலர்.

எனவே 'காலமும் பருவமும் காத்திரா' எனப் பெயர்ப்பதே தகும். மூலச் சொல்லுக்கும் அது நேர்மை. வாகரையின் வாழ்வுக்கும் அது நேர்மை.