பருவமறிந்த தீனி

நுழையும்முன்

உயிர்களை வளர்ப்போர் அனைவரும் அவற்றுக்கு உணவிடுகின்றனர். எதை இடவேண்டும் என்பதைப் போலவே, எப்பருவத்தில் இடவேண்டும் என்பதும் அறியத்தக்கது. விருதுநகர் மாவட்டத்து மலையடிவார ஊர்களில் முற்றத்துக் கோழி வளர்ப்பில் இவ்வறிவு இயங்கும் பாங்கினை விளக்குகிறது இக்கட்டுரை.

மலையடிவார முற்றங்கள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்த அண்டை ஊர்கள் இராஜபாளையமும் திருவில்லிபுத்தூரும். முன்னது நூற்பாலைகளாலும் வேட்டைநாய்களாலும் பெயர்பெற்றது. பின்னது ஆண்டாள் கோவில் கோபுரத்தாலும் பால்கோவாவாலும் புகழ்பெற்றது. மலையோரம் தென்னந்தோப்பும் மாந்தோப்பும் செழிக்க, கிழக்கே கரிசல் நிலம் விரிந்து கிடக்கிறது. இவ்வூர்களைச் சுற்றியுள்ள சிற்றூர்களில், பெருமைப் பட்டியல் எதிலும் இடம்பெறாத ஓர் உயிர் வீட்டு முற்றந்தோறும் மேய்கிறது. அதுவே நாட்டுக்கோழி.

பத்துக் கோழி வைத்திருப்பவரைப் பண்ணையாளர் என்று எவரும் அழைப்பதில்லை. ஆயினும், பிள்ளையின் குறிப்பேட்டுக்கும், எதிர்பாராமல் வரும் மருத்துவச் செலவுக்கும் முதலில் கைகொடுப்பது அந்தப் பத்துக் கோழிகளே. ஆலைக்கோ காட்டுவேலைக்கோ சென்று திரும்பும் பெண்ணுக்கு, கோழி விற்ற பணமும் முட்டை விற்ற பணமும் பிறரிடம் கணக்குக் கூற வேண்டாத கைப்பணம்.

பதினைந்து முட்டைகளை அடைவைத்துப் பன்னிரண்டு குஞ்சுகள் பொரித்தன எனக் கொள்வோம். அவற்றுள் ஐந்து மட்டுமே முட்டையிடும் பருவத்தை எட்டினால், எஞ்சிய ஏழும் எங்கே சென்றன? பருந்தையும் கீரியையும் நோயையும் காரணம் கூறுவது வழக்கம். அக்காரணங்கள் உண்மையே. ஆனால் பருவத்துக்குப் பொருந்தாத தீனியும் அப்பட்டியலில் சேர்க்கத்தக்கது. அது கண்ணுக்குத் தெரியாமல் கொள்ளும் இழப்பு.

முதல் எட்டு வாரங்கள்

ஓட்டைக் கொத்தி வெளிவரும் குஞ்சு வெறும் வயிற்றோடு உலகைக் காண்பதில்லை. முட்டையின் மஞ்சட்கருவில் எஞ்சிய பகுதியை அது தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டே பிறக்கிறது. இரண்டு மூன்று நாள்களுக்கு அந்தக் கட்டுச்சோறு அதனைத் தாங்கும். எல்லா முட்டைகளும் பொரியும்வரை தாய்க்கோழி அடையிலேயே அமர்ந்திருக்க முடிவதும் இதனால்தான். எனினும், கட்டுச்சோறு இருக்கிறதே என்று தீனியைத் தாமதிப்பது நன்றன்று. குடல் வளர்வதற்கு உணவின் தூண்டுதல் வேண்டும். தாழ்வான தட்டில் முதலில் நீர் வைத்து, பின்னர் காகிதத்தின் மீது உடைத்த கம்பையோ மக்காச்சோளக் குருணையையோ தூவுவது அனுபவம் வாய்ந்தோர் வழக்கம். தாயின்றி வளரும் குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் ஏறத்தாழ 35 பாகை செல்சியசு வெப்பமும் வேண்டும். குளிரில் ஒடுங்கிய குஞ்சு, தட்டு நிறைய இருந்தாலும் இரை எடுக்காது.

முதல் எட்டு வாரங்களில் உடல் விரைந்து பெருகுகிறது, இறகு முளைக்கிறது. எனவே குஞ்சுத் தீவனத்தில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 20 கிராம் புரதம் இருக்கவேண்டும். கம்பில் இருப்பது அதில் ஏறக்குறையப் பாதி. அரிசிக் குருணையில் அதனினும் குறைவு. வயிறு நிறைந்தும் வளராத குஞ்சுகளின் குறை இங்கே இருக்கிறது.

நூல் பல கல்லாத நம் முன்னோர் இக்குறையைக் கரையானைக் கொண்டு நிரப்பினர். பழைய மண்பானையில் கிழிந்த சாக்கு, வைக்கோல், காய்ந்த சாணம் ஆகியவற்றை இட்டு, சிறிது நீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வைப்பர். மறுநாட்காலையில் பானையை நிமிர்த்தினால் கரையான் மொய்த்திருக்கும். பஞ்சாரத்தைத் திறந்ததும் குஞ்சுகள் அதன்மேல் பாய்ந்து கொத்தும். செலவின்றிக் கிடைக்கும் புரதம் இது. கடலைப் பிண்ணாக்கும் கருவாட்டுத் தூளும் அதே பணியைச் செய்வன. ஆனால் மழைக்காலத்தில் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடித்த பிண்ணாக்கையோ மக்காச்சோளத்தையோ குஞ்சுகளுக்கு இடுதல் கூடாது. 1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஓராயிரம் ஈராயிரமல்ல, நூறாயிரத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் மடிந்தமைக்குப் பூஞ்சை நஞ்சேறிய கடலைப் பிண்ணாக்கே காரணம் எனக் கண்டறியப்பட்டது.

தெரிந்து தெளிவோம்

கோழிக்குப் பல் இல்லை. அது விழுங்கும் தானியத்தை, வயிற்றில் உள்ள அரைவைப்பை நொறுக்குகிறது. மணலோடும் சிறு கற்களோடும் சேர்த்துக் கோழி கொத்துவது, அவ்வரைவைக்குத் தேவையான கற்களைத் தேடியே. அடைத்து வளர்க்கப்பட்டு முழுத்தானியம் உண்ணும் கோழிகளுக்குச் சிறு கற்களைத் தனியே வைக்கவேண்டும்.

தவிடு சொன்ன உண்மை

கோழிக்கு இடும் தீனி மனித குலத்துக்கே ஒரு பாடம் புகட்டிய வரலாறும் உண்டு. 1890ஆம் ஆண்டையொட்டி, இன்றைய இந்தோனேசியாவின் சாவகத் தீவில், கிறித்தியான் எய்க்மான் என்னும் டச்சு மருத்துவர் 'பெரிபெரி' என்ற நரம்பு நோயை ஆராய்ந்துவந்தார். ஆய்வுக்கூடத்துக் கோழிகள் திடீரெனக் கால் தளர்ந்து வீழ்ந்தன. சில மாதங்களில் காரணம் புலப்படாமலேயே நலமடைந்தன. தீனியை விசாரித்தபோது செய்தி விளங்கிற்று. மருத்துவமனைச் சமையற்கூடத்தில் மிஞ்சிய, தீட்டிய வெள்ளையரிசிச் சோறே இடையில் அவற்றுக்கு இடப்பட்டிருந்தது. புதிதாக வந்த சமையற்காரர் அச்சோற்றைக் கோழிகளுக்குத் தர மறுத்ததால், தீட்டாத அரிசிக்குத் திரும்பிய கோழிகள் பிழைத்தன. அரிசியோடு ஒட்டிய தவிட்டில் இருந்த தையமின் என்னும் உயிர்ச்சத்தே அவற்றைக் காத்தது என்பது பின்னாளில் தெளிவாயிற்று. எய்க்மானுக்கு 1929ஆம் ஆண்டு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. குருணையை மட்டுமே நம்பாமல் தவிட்டையும் கலந்து பிசையும் கைகளுக்கு அந்த ஆய்வு சான்றளித்தது எனலாம்.

பொறுத்திருக்கும் பருவம்

எட்டு வாரம் கடந்தபின் குஞ்சு தாயை விட்டுப் பிரிந்து தானே குப்பை கிளறத் தொடங்குகிறது. இதுமுதல் முட்டையிடத் தொடங்கும்வரை உள்ளது வளர்பருவம். இப்பருவத்தில் எலும்புச் சட்டகம் உறுதிப்படுகிறது; வளர்ச்சியின் வேகம் தணிகிறது. ஆகவே தீவனத்தின் புரதமும் 100க்கு 16 என்ற அளவுக்கு இறங்குகிறது. கீரையும் புழுவும் புல்விதையும் தேடி மேயும் கோழிக்கு, காலையும் மாலையும் கைத்தீனி சிறிது போதும்.

பிழை பெரும்பாலும் நேர்வது இங்கேதான். விரைவில் முட்டை காணும் ஆவலால், முட்டைக்கோழித் தீவனத்தை மூன்றாம் மாதத்திலேயே இட்டுவிடுவோர் உளர். அத்தீவனத்தில் 100க்கு மூன்று பங்குக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. வளரும் கோழிக்கு வேண்டியதோ ஒரு பங்கு. மிகுந்த சுண்ணாம்பை வெளியேற்றத் திணறும் சிறுநீரகம் பழுதுபடுகிறது. வெளியேறாத கழிவு உள்ளுறுப்புகளின் மீது வெண்பொடியாய்ப் படிகிறது. வெளித்தோற்றத்தில் நலமாய் இருந்த கோழி ஒருநாள் காலையில் விழுந்து கிடக்கும். அதற்கு இடப்பட்டது கெட்டுப்போன தீனியன்று. காலத்துக்கு முந்திய நல்ல தீனி.

முட்டைக்குள் கரையும் எலும்பு

பண்ணைகளில் வளரும் கலப்பினக் கோழிகள் 18 முதல் 20 வாரங்களில் முட்டையிடத் தொடங்கும். நாட்டுக்கோழி ஏறத்தாழ ஆறு மாதம் எடுத்துக்கொள்ளும். எனவே நாள்காட்டியைவிடக் கோழியையே பார்த்தல் நன்று. கொண்டை சிவக்கும், முட்டையிட ஒதுக்கிடம் தேடி மூலைமுடுக்கெல்லாம் நுழையும், கை நீட்டினால் ஓடாமல் பதுங்கி அமரும். தென்மாவட்டப் பேச்சு வழக்கு இதனை 'வெடக்கோழி' என அழைக்கும். தீனியை மாற்றும் தருணம் இதுவே. அம்மாற்றமும் ஒரே நாளில் நிகழாமல், ஒரு வாரத்தில் சிறிது சிறிதாகக் கலந்து நிகழவேண்டும்.

இப்போது புரதம் மீண்டும் 18 பங்காக உயர்கிறது. சுண்ணாம்போ மும்மடங்குக்கு மேல் வேண்டும். இராஜபாளையத்தை அடுத்த ஆலங்குளத்தில் சிமெண்ட் ஆலைக்காக வெட்டப்பட்ட சுண்ணாம்புக்கல்லும் முட்டை ஓடும் வேதியியலில் ஒன்றே. இரண்டும் கால்சியம் கார்பனேட். ஒரு முட்டையின் ஓட்டில் ஏறத்தாழ இரண்டு கிராம் கால்சியம் அடங்கியுள்ளது. கோழியின் எலும்புக்கூடு முழுவதிலும் உள்ள கால்சியத்தில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு அது. ஓடு உருவாவது பெரும்பாலும் இரவில், கோழி இரை எடுக்காமல் அடைந்திருக்கும் வேளையில். அப்போது குடலில் எஞ்சிய சுண்ணாம்பு போதாதெனில், கோழி தன் எலும்பிலிருந்து எடுத்து ஓட்டைக் கட்டுகிறது. முட்டையிடும் முன் எலும்பின் உள்ளறைகளில் சேமிப்பு ஒன்றை இயற்கையே ஏற்படுத்துகிறது. ஈடுசெய்யத் தீனியில் சுண்ணாம்பு இல்லையேல் அச்சேமிப்பு கரைந்து, ஓடு மெலிந்து, இறுதியில் கால் எலும்பே நலிகிறது. மாலை வேளையில் பொடித்த கிளிஞ்சலைத் தனித்தட்டில் வைப்பதன் காரணம் இதுவே. வேண்டிய அளவைக் கோழியே அறிந்து கொத்திக்கொள்ளும்.

சித்திரை, வைகாசி வெயிலில் கோழி இரையைக் குறைத்து நீரை மிகுதியாக நாடும். அப்போது விடியலிலும் வெயில் தாழ்ந்தபின்னும் தீனி இடுவதும், மண்கலத்தில் நிழலில் நீர் வைப்பதும் முட்டையைக் காக்கும் செயல்களாகும்.

கண்ணும் கணக்கும்

இருபது, பதினாறு, பதினெட்டு எனப் புரதம் இறங்கி ஏறுகிறது. ஒன்று, ஒன்று, மூன்றுக்கு மேல் எனச் சுண்ணாம்பு காத்திருந்து உயர்கிறது. 1989ஆம் ஆண்டு நிறுவப்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம், இராஜபாளையத்திலும் பயிற்சி மையம் ஒன்றை நடத்திவருகிறது. ஆய்வு தரும் இவ்வெண்கள் முற்றத்தை அடையும்போது, கொண்டையின் சிவப்பைக் கண்டு பருவம் உணரும் பெண்ணின் பார்வையோடு அவை இணையவேண்டும். எண் மட்டும் இருந்தால் கோழியின் நிலை தெரியாது. கண் மட்டும் இருந்தால் குறையின் காரணம் விளங்காது.

நாட்டுக்கோழி ஆண்டுக்கு இடுவது ஏறத்தாழ 60 முதல் 80 முட்டைகளே. ஒவ்வொரு முட்டைக்குப் பின்னும் ஆறு மாதப் பொறுமை இருக்கிறது. பசித்தபோது ஊட்டுவது அன்பு. உரிய பருவம் வரும்வரை ஒன்றைத் தராமல் காத்திருப்பதும் அந்த அன்பின் பகுதியே.