ஒரே நேரத்து ஒளி

பெட்டாலிங் ஜெயாவில் உட்கார்ந்துகொண்டு பிளேசர்களை ஆராய்கிறேன் என்று சொன்னால், கேட்பவர் முதலில் அண்ணாந்து வானத்தைத்தான் பார்ப்பார். அங்கே கூட்டரசு நெடுஞ்சாலையின் வெளிச்சம், மழை மேகம், சில ஆண்டுகளில் புகைமூட்டமும் சேர்ந்துகொள்ளும். இந்த வானத்தை நம்பி யாரும் இந்தத் தொழிலுக்கு வருவதில்லை. ஃபெர்மி, ஸ்விஃப்ட் செயற்கைக்கோள்களின் தரவுக் கிடங்குகள் எல்லாருக்கும் திறந்தே கிடக்கின்றன. ஒரு மடிக்கணினியும் பொறுமையும் இருந்தால் போதும்.

பிளேசர் ஒரு தொலைதூர விண்மீன் மண்டலம். அதன் நடுவில் பெருங்கருந்துளை. அதிலிருந்து ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் பாயும் தாரை ஒன்று நம் பக்கமே திரும்பியிருக்கும். அதனால் அதன் ஒளி பல மடங்கு பெருகித் தெரியும். சில நாள்களில், சில வேளை சில மணி நேரத்திலேயே, ஏறி இறங்கும். ரேடியோ அலை முதல் காமா கதிர் வரை அது உமிழும் ஆற்றலை வரைந்தால் இரண்டு மேடுகள் வரும். முதல் மேட்டில் சண்டை இல்லை: காந்தப்புலத்தில் சுழலும் எலெக்ட்ரான்களின் ஒளி அது. இரண்டாவதில்தான் வழக்கு. அதே எலெக்ட்ரான்கள் ஒளித்துகள்களை முட்டி மேலே தள்ளுகின்றனவா, இல்லை புரோட்டான்களின் வேலையா?

தீர்ப்பு சொல்ல எல்லா அலைநீளமும் ஒரே நேரத்தில் வேண்டும். அப்பாவை ஒரு வருடமும் பிள்ளையை இன்னொரு வருடமும் படம் பிடித்து ஒட்டிவிட்டுக் குடும்பப் படம் என்று மாட்டினால் எப்படியிருக்கும்? அப்படி ஒட்டிய வரைபடங்கள் எங்கள் துறையில் நிறைய உண்டு. பார்க்க அழகாகவும் இருக்கும்.

ஃபெர்மி 2008 முதல் முழு வானத்தையும் திரும்பத் திரும்பப் பார்த்துவருகிறது. ஆனால் வந்து சேரும் காமா துகள்கள் சொற்பம். மங்கலான பிளேசர் என்றால் ஒரு வாரம், ஒரு மாதம் என்று சேர்த்தால்தான் ஒரு புள்ளி கிடைக்கும். ஸ்விஃப்ட்டோ அரை மணி நேரம் எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். அந்த அரை மணியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அதன் எக்ஸ் கதிர்க் கருவி, துகள்களை ஒவ்வொன்றாக எண்ணும் முறையில், இரண்டரை விநாடிக்கு ஒரு படம் எடுக்கும். பிளேசர் பொங்கியிருக்கும் நாளில் அதற்குள் ஒரே இடத்தில் இரண்டு துகள்கள் விழுந்துவிடும். கருவி இரண்டின் ஆற்றலையும் கூட்டி ஒரே துகளாக எழுதிவைக்கும். ஆகவே படத்தில் மிக வெளிச்சமான நடுப்பகுதியையே வெட்டி எறிந்துவிட்டு, விளிம்பில் மிஞ்சியதை வைத்து முழு ஒளியையும் கணக்கிட வேண்டும். புதிதாக வருபவர்களுக்குக் கை நடுங்குவது இங்கேதான்.

நேரம் என்பது இடமும்கூட என்பதற்கு 2017 செப்டம்பர் 22 ஒரு சாட்சி. தென்துருவப் பனிக்குள் புதைந்திருக்கும் ஐஸ்கியூப் உணர்கருவி அன்று உலகப் பொது நேரம் 20:54க்கு, புரோட்டான்களின் வேலைக்கு அடையாளமான ஓர் உயர் ஆற்றல் நியூட்ரினோவைப் பிடித்தது. 43 விநாடியில் உலகெங்கும் தகவல் போனது. அது வந்த திசையில் இருந்தது டிஎக்ஸ்எஸ் 0506+056 என்ற பிளேசர். ஃபெர்மியின் தரவில் அது அப்போது பொங்கிக்கொண்டிருந்தது. நமக்கு அது 23ஆம் தேதி விடியற்காலை 4:54. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: அந்த நிமிடம் அந்தப் பிளேசர் எங்கள் ஊருக்கு மேல், கிட்டத்தட்ட உச்சியில், ஓரியன் பக்கம் இருந்திருக்கிறது. காமா கதிர் பார்க்கும் பெரிய தரைத் தொலைநோக்கிகளின் நிலை வேறு. அரிசோனாவில் நண்பகல் தாண்டியிருந்தது. நமீபியாவிலும் லா பால்மாவிலும் பிளேசர் இன்னும் உதிக்கவில்லை. சில மணி நேரம் கழித்துப் பார்த்தவர்களுக்கு ஒன்றும் அகப்படவில்லை. செப்டம்பர் 28 முதல் பார்த்தபோதுதான் லா பால்மாவின் மேஜிக் தொலைநோக்கிகளுக்கு அது சிக்கியது. லடாக்கின் ஹான்லேயில் அப்போது பின்னிரவு இரண்டரை மணி, பிளேசரும் அடிவானத்துக்கு மேலே. ஆனால் அங்குள்ள 21 மீட்டர் மேஸ் தொலைநோக்கி அன்று இயங்கத் தொடங்கியிருக்கவில்லை. 2024 அக்டோபரில்தான் அதன் திறப்பு விழா நடந்தது. மேஸ் ஆசியாவிலேயே பெரியது என்று எல்லாரும் எழுதுகிறார்கள். எனக்கு அதன் அளவைவிட அது நிற்கும் தீர்க்கரேகைதான் பெரிய விஷயம்.

காமாவில் ஓர் எழுச்சி, எக்ஸ் கதிரில் ஓர் எழுச்சி கண்டால் இரண்டையும் சேர்த்துவிடக் கை துறுதுறுக்கும். 2002 ஜூனில் 1இஎஸ் 1959+650 என்ற பிளேசர் அந்தக் கையைத் தட்டிவிட்டது. காமா கதிர் திடீரென எகிறியது. எக்ஸ் கதிர் கூடவே எழவில்லை. எலெக்ட்ரான்கள் மட்டும் என்ற எளிய கதைக்கு அது இன்றும் தொல்லை. இரண்டையும் ஒரே சமயத்தில் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் அது தெரிந்தது. வாரச் சராசரியாக இருந்திருந்தால் இரண்டும் ஒன்றாகப் பொங்கின என்று யாராவது எழுதியிருப்பார்கள், நாங்களும் நம்பியிருப்போம்.

அதனால் மாணவர் யாராவது வரைபடத்தோடு வந்தால், முதலில் ஒவ்வொரு புள்ளியும் எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்ற பட்டியலைக் கேட்பேன். அடுத்த கேள்வி, நம்ம ஊர் நேரத்திலிருந்து எட்டு மணி நேரம் கழித்தாயா என்பது.